மூன்று வயதில் ஃபோனிக்ஸா, பால்வாடியா, பாட்டி மடியில் புத்தகமா?

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டைத் தேடி விளம்பரங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் சுவரில் ஆங்கில எழுத்துகளை ஒலியோடு சேர்த்துப் படிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பு, ஆட்டோவின் முதுகில் ப்ளே ஸ்கூல், கைப்பேசியைத் திறந்தால் ஒரே மாதத்தில் படிக்க வைப்பதாகச் சத்தியம் செய்யும் செயலி. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை ஏ முதல் இசட் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். இத்தனைக்கும் நடுவில் சராசரிச் சென்னைக் குடும்பத்தின் கையில் இருப்பது மாதக் கடைசியில் மிஞ்சும் சிறு தொகையும், வேலை முடிந்து திரும்பியபின் மிஞ்சும் அரை மணி நேரமும்தான். இரண்டையும் எதில் போடுவது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்பது பதிலாகாது. அரை மணியை ஐந்து பங்கு போட்டால் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக் கழற்றுவதற்கே அது சரியாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஒருவர் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அச்சில் இருக்கும் தமிழை உரக்க வாசிப்பதற்கு முதலிடம். நல்ல பாலர் பள்ளிக்கு இரண்டாம் இடம். ஃபோனிக்ஸ் வகுப்பு காத்திருக்கலாம். செயலிக்குக் கடைசி வரிசை. இந்த வரிசை ஏன் என்பதையும், எந்த வீட்டில் இது மாறும் என்பதையும்தான் இனி சொல்லப் போகிறேன்.

தடை எங்கே இருக்கிறது?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக மொத்தம் 247. இந்தக் கணக்கைப் பார்த்தே பல பெற்றோர் மிரண்டுபோகிறார்கள். ஆனால் குழந்தை புரட்டும் புத்தகங்களில் இந்த 247-ம் சம அளவில் வருவதில்லை. 'அங்ஙனம்' போன்ற ஓரிரு சொற்களை விட்டால் ங வரிசையில் நமக்குத் தேவைப்படுவது புள்ளி வைத்த ங் மட்டுமே. ஔகார வரிசையில் வௌவாலும் மௌனமும் கௌரவமும் போக மிச்சம் அதிகமில்லை. மறுபுறம், நேர்கோடுகளும் ஒரு சுழியும் மட்டும் கொண்ட ட, ப, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைக் கட்டிவிடலாம். சார்ட்டை வாங்கி ஒட்டி, 'க' முதல் 'னௌ' வரை வரிசையாக ஒப்பிக்கவைப்பது குழந்தையின் நினைவாற்றலுக்குப் பயிற்சி. வாசிப்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

உண்மையான சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கெ, கே, கை மூன்றிலும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. உகரம் ஏறும்போது கு, சு, து, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. ஒரே 'க' கடலில் ஒருவிதமாகவும், மகனில் வேறுவிதமாகவும், பங்கில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. இந்திய மொழி எழுத்துகளைப் பற்றிய ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது என்னவென்றால், இந்த எழுத்துத் தொகுதிகளில் முழுத் தேர்ச்சி பெறத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இலக்காக வைத்தது. அரசாங்கமே எட்டு வயது வரை பொறுத்திருக்கும்போது, நான்கு வயதில் ழ-வும் ள-வும் மாறிப்போனதற்காக வீட்டில் யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

எழுத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. வீட்டில் குழந்தை 'தாத்தா கடைக்குப் போனாங்க' என்று கேட்டு வளர்கிறது. புத்தகத்தில் தாத்தா 'போனார்'. வீட்டில் 'இருக்குது', புத்தகத்தில் 'இருக்கிறது'. வீட்டில் 'அவன்கிட்ட', புத்தகத்தில் 'அவனிடம்'. ஒன்றாம் வகுப்பில் 'சென்றார்கள்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுக் குழந்தை விழிப்பதற்குக் காரணம், அந்தச் சொல்லை அதன் காது அதுவரை கேட்டதே இல்லை என்பதுதான். எழுத்துக் கூட்டினால் தெரிந்த சொல் வந்து சேர வேண்டும். வந்து சேர்வது அந்நியச் சொல்லாக இருந்தால் படிப்பதில் என்ன சுவை இருக்கும்?

பேச்சுக்கும் எழுத்துக்கும் இப்படி இடைவெளி உள்ள இன்னொரு மொழி அரபு. இஸ்ரேலில் அரபு பேசும் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு இலக்கிய அரபு மொழியில் சில மாதங்கள் தொடர்ந்து கதை வாசித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 1993-இல் வெளியானது. இவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு அந்த நடை புரியாது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் நினைத்த காலம் அது. கதை கேட்ட குழந்தைகள், கேட்காதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதையைத் தாங்களாகச் சொல்வதிலும் முன்னே நின்றார்கள். நம் நிலைமைக்கு இவ்வளவு நெருக்கமான பாடம் வேறு எங்கும் கிடைக்காது. ஆகவே எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது குழந்தையின் காதில் எழுத்துத் தமிழைச் சேர்க்கிறதா, பதிலுக்குக் குழந்தையைப் பேசவைக்கிறதா?

ஃபோனிக்ஸ் வகுப்பு

ஃபோனிக்ஸ் ஏமாற்று வேலை அல்ல. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ நாற்பதுக்கும் மேல். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவும் ஒழுங்காக இருப்பதில்லை. அந்த உறவை முறைப்படி கற்பிப்பது பயன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. இங்கிலாந்து 2012 முதல் அரசுப் பள்ளிகளில் இதற்கென்று ஒரு சோதனையே நடத்துகிறது. ஆனால் அந்தச் சோதனை எந்த வயதில் நடக்கிறது? ஏறக்குறைய ஆறு வயதில். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் கேட்டவர்கள். ஒலிகளைச் சேர்த்துக்கொண்டே போய் அவர்கள் 'ஜாம்' என்னும் சொல்லை அடையும்போது, நேற்றுக் காலை ரொட்டியில் தடவியது நினைவுக்கு வருகிறது.

வியாசர்பாடியிலோ முகப்பேரிலோ வீட்டில் முழுக்கத் தமிழ் கேட்டு வளரும் மூன்று வயதுக் குழந்தை அதே ஒலிகளைச் சேர்த்து வந்து சேரும் இடத்தில் பொருள் இருக்காது. கருவி கைக்கு வந்துவிட்டது, வேலை செய்யப் பொருள் இல்லை. ஆகவே வீட்டில் ஆங்கிலம் புழங்காத குழந்தைக்கு முதலில் ஆங்கிலச் சொற்களைப் பாட்டாகவும் கதையாகவும் காதில் போட வேண்டும். யுகேஜி சமயத்தில் ஃபோனிக்ஸ் சேர்ந்தால் அப்போது அந்தப் பணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பல பள்ளிகள் அந்தப் பருவத்தில் வகுப்பிலேயே அதைச் சொல்லித்தருகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு கட்டணம் கட்டும் வழக்கம் சென்னைக்குப் புதிதல்ல.

'ஆங்கிலம் முதலில், தமிழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ் எப்படியும் வரப்போகிறது. அதன் ஓசைக்குப் பழகிய காதோடு வரவேற்பதா, மூன்றாம் வகுப்பில் தமிழ் டியூஷன் தேடி அலைவதா என்பதுதான் மிச்சமுள்ள தேர்வு.

தமிழில் ஒலி விழிப்பை, அதாவது சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறனை, வளர்க்க வகுப்பே வேண்டாம். எதுகையும் மோனையும் நம் பாட்டிலும் பழமொழியிலும் ஊறிக்கிடக்கின்றன. ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு, விடுகதை, நாக்கு சுழற்றும் வாக்கியங்கள் எல்லாமே குழந்தைக்குச் சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கச் சொல்லித்தருகின்றன. 29சி பஸ்ஸில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் நேரம் இதற்குத் தாராளம். ஜன்னலுக்கு வெளியே வேறு இலவசப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்: கடைப் பலகை, பஸ் போர்டு, சுவரொட்டி. ஆவின் பாக்கெட்டில் இருக்கும் ஆ-வையும் ஆலந்தூர் மெட்ரோ நிலையப் பலகையில் இருக்கும் ஆ-வையும் தானாகவே பொருத்திப் பார்த்துக் கூவும் குழந்தைக்கு அ-அம்மா, ஆ-ஆடு சார்ட் தேவைப்படாது.

செயலியும் காணொளியும்

இதில் அதிக நேரம் செலவிட விருப்பமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்கு முன் திரை நேரம் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மிகச் சிறு குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட எதிரில் இருக்கும் ஆளிடமிருந்தே சுலபமாகக் கற்கிறார்கள் என்பதும் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். எழுத்தைத் தொட்டால் கைதட்டும் செயலி, குழந்தை தப்பாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு 'அப்படியா, அப்புறம் யானை என்ன செய்தது?' என்று கேட்பதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் பெரியவர் கையில் புத்தகமாகப் பிடித்தால் அது வேறு கதை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, கட்டணமில்லாமல். மிக எளிய முதல் நிலையிலிருந்து நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொது உரிமத்தில் இருப்பதால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நூலால் தைத்தும் வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும் வேளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பள்ளி: எந்தக் கதவு?

சென்னையில் மூன்று வகைக் கதவுகள் பொதுவாகத் திறந்திருக்கின்றன: எல்கேஜியில் நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடும் தனியார் பள்ளி, மாண்டிசோரி என்ற பெயரில் நடப்பவை, அங்கன்வாடி.

முதல் வகையில் எனக்குள்ள தயக்கம் எழுதவைக்கும் அவசரத்தைப் பற்றியது. மூன்று வயது விரல்கள் நான்கு வரி நோட்டுக்குள் அடங்கும் அளவு பக்குவப்பட்டவை அல்ல. பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதும் வீட்டுப்பாடம் வந்தால், வீட்டின் அந்த அரை மணி நேரத்தை நோட்டு விழுங்கிவிடும், கதைக்கு மிச்சமிருக்காது. இது கட்டணத்தில் எழுதப்படாத செலவு. விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும் நம் வழக்கத்தில் இருக்கும் நிதானம்கூட இந்த நோட்டுகளுக்குக் கிடையாது. மணல், அரிசி, சிலேட்டும் பலப்பமும், வாசலில் கோலமாவு, சப்பாத்தி மாவை உருட்டுவது என்று கை முதலில் பெரிதாக அசைய வேண்டும். பென்சில் அதற்குப் பிறகு.

மாண்டிசோரிக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. 1939-இல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் குழந்தை முதலில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்கிறது; பிறகு பெட்டியிலிருக்கும் தனி எழுத்துகளை எடுத்துத் தரையில் சொற்களாக அடுக்குகிறது. பென்சில் பிடிக்கத் தெரியாத வயதிலேயே சொல்லைக் கட்டிவிடலாம் என்பது இதன் நேர்த்தி. கொம்பும் காலும் தனித்தனியாக உள்ள தமிழ் எழுத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். எனவே பார்க்கப் போகும்போது தமிழ் உப்புத்தாள் எழுத்துகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஆங்கிலத்துக்கு மட்டுமே இருக்கிறது என்றால் உங்கள் கணக்கில் பாதி மதிப்பெண்ணைக் கழித்துவிடுங்கள்.

அங்கன்வாடியை, சென்னை வழக்கில் பால்வாடியை, நடுத்தர வர்க்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. சாப்பாடும் முட்டையும் கொடுக்கும் இடம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. கட்டணமில்லை, வீட்டுக்குப் பக்கம், எழுதவைக்கும் அவசரம் குறைவு, பாட்டும் ஆட்டமும் கதையும் தமிழிலேயே நடக்கும். குறை எங்கே என்றால், எல்லாம் அந்த ஒரு பணியாளரைப் பொறுத்தது. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கர்ப்பிணிகளின் கணக்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கதையும் சொல்வார் என்றால் அவர் அபூர்வப் பிறவி. அப்படிப்பட்டவர் உங்கள் வார்டில் இருந்தால் பக்கத்துத் தெருவின் குளிர்சாதன வசதி கொண்ட ப்ளே ஸ்கூலைவிட அந்த அறை மேல் என்பேன். இல்லாவிட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மூன்று வகைக்கும் ஒரே சோதனை போதும். உள்ளே போய்ப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா, குழந்தையின் கை எட்டும் உயரத்தில் மூலை மடங்கிக் கிடக்கிறதா? மூலை மடங்கிய புத்தகங்கள் உள்ள பள்ளியில் சேர்த்துவிடுங்கள். சுவரில் கார்ட்டூன் ஓவியம் எத்தனை இருந்தாலும் அது வாசிப்பாகாது.

வீட்டில் வாசிப்பது: யார், எந்தத் தமிழில், எதை?

இங்கே செலவு குறைவு, சாக்குதான் அதிகம். 'எனக்கு நேரமில்லை' என்பதைவிடச் சென்னையில் அடிக்கடி கேட்கும் சாக்கு 'எனக்குத் தமிழ் படிக்க வராது' என்பது. பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள் இன்று பெற்றோர்; தமிழ் பேசுவார்கள், பஸ் போர்டைத் தாண்டி வாசிக்கத் திணறுவார்கள். அவர்களுக்கு இருமொழிப் புத்தகங்கள் நல்ல வழி. சென்னையிலிருந்து 1996 முதல் இயங்கும் தூளிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படப் புத்தகங்களை வெளியிட்டுவருகிறது. ஒரே ஆபத்து, கண் ஆங்கில வரிக்கு வழுக்கிப்போவது. தமிழ் வரியை முதலில் வாசிப்பது என்று வீட்டில் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். திக்கித் திணறி வாசித்தாலும் பரவாயில்லை. பெரியவரும் எழுத்துக் கூட்டுகிறார் என்பதைப் பார்ப்பதில் குழந்தைக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு கொடுத்துவைத்தது, ஆனால் அங்கும் ஒரு கவனம் வேண்டும். சொல்லும் கதையும் வாசிக்கும் கதையும் வேறு வேறு வேலை செய்கின்றன. பாட்டி சொல்லும் கதை பேச்சுத் தமிழில் ஓடும். கற்பனையும் நினைவாற்றலும் அதில் வளரும். வாசிக்கும் கதைதான் எழுத்துத் தமிழைக் காதில் ஏற்றும். முதலாவதை வைத்து இரண்டாவது தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தால் பாட்டியே இரண்டையும் செய்துவிடுவார். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டும் லை, னை மட்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வளைவோடு இருக்கக்கூடும். புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் போதும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

அடுத்து வருவது வீடுகளில் உண்மையாகவே குழப்பம் தரும் கேள்வி. புத்தகத்தில் 'முயல் விரைந்து ஓடியது' என்று இருக்கிறது. அப்படியே வாசிப்பதா, 'முயல் வேகமா ஓடிச்சு' என்று மாற்றிச் சொல்வதா? மாற்றிச் சொன்னால் குழந்தை உடனே சிரிக்கும், கதை நகரும். ஆனால் புத்தகத்தின் தமிழ் புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிடும். அப்படியே வாசித்தால் முதல் நாள் குழந்தை எழுந்து ஓடிவிடவும் கூடும். எனக்குச் சரியென்று படுவது இதுதான். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். மூன்றைத் தாண்டியதும் அச்சில் உள்ளதை அப்படியே வாசித்து, புரியாத இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழில் ஒரு வரி சேருங்கள். அதே புத்தகத்தைத்தான் குழந்தை நாளையும் கேட்கப் போகிறது, மறுநாளும் கேட்கப் போகிறது. ஒவ்வொரு முறையும் அந்த விளக்க வரி தானாகவே குறைந்துகொண்டு வரும். பெரியவர்களுக்கு அலுப்பூட்டும் இந்தப் பிடிவாதம் குழந்தைக்கு லாபம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது புதுச் சொற்கள் நன்றாகப் பதிகின்றன என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. கொஞ்ச நாளில் பொம்மைகளை உட்காரவைத்து 'ராஜா அரண்மனைக்குத் திரும்பிச் சென்றார்' என்று குழந்தை கதாகாலட்சேபம் செய்வதைக் கேட்கலாம்.

வாசிக்கும் விதமும் முக்கியம். 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பெற்றோருக்கு ஒரு மாதம் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். தாம் மட்டும் வாசித்துக்கொண்டே போகாமல் நடுநடுவே கேட்பது, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, ஆம், இல்லை என்று முடியாத கேள்விகளைப் போடுவது. அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிடப் பல மாதங்கள் முன்னேறியிருந்தது. 'இது என்ன?' என்று படத்தைக் காட்டிப் பரீட்சை வைப்பதை நான் சொல்லவில்லை. 'குரங்கு ஏன் தொப்பியைத் திருப்பித் தரவில்லை?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினமான பகுதி. இன்னொன்று: கதை கேட்கும்போது குழந்தையின் கண் பெரும்பாலும் படத்திலேயே இருக்கும், எழுத்தின் பக்கம் போகவே போகாது. எப்போதாவது தலைப்பின் மீது விரலை ஓட்டினால் போதும். வரிக்கு வரி விரல் வைத்தால் கதை செத்துவிடும்.

வாங்குவதா, நூலகமா?

நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியோடு 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் ஒரே வழி உள்ளே போவதுதான்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறக்கப்பட்டது. முதல் தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் கட்டணமில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது; ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் 2022 முதல் இலவசம். ஆக, அம்மாவும் பிள்ளையும் நகரத்தின் எந்த மூலையிலிருந்து போய்த் திரும்பினாலும் பயணச் செலவு சுழியம். ப்ளே ஸ்கூல் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதை வார இறுதி உல்லாசமாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். தினசரி வாசிப்புக்குக் கிளை நூலகமே கதி. உண்மையைச் சொன்னால், பல கிளைகள் பெரியவர்கள் நாளிதழ் புரட்டும் இடங்களாகவே இருக்கின்றன. சிறுவர் அலமாரியில் பத்து வயதுக்கான நீதிக் கதைகள் நிறைய, மூன்று வயதுக்கான படப் புத்தகங்கள் குறைவு. உறுப்பினராகிக் கேட்டால் வரவழைத்துத் தரும் நூலகர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வாங்குவதென்றால் ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சி. 1977-இல் தொடங்கியது, பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கமாக உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் போன்றோரின் மெல்லிய புத்தகங்களை அள்ளினாலும் பை கனக்காது. குழந்தையின் கையில் கொடுத்து அதையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். கெட்டி அட்டைக் களஞ்சியங்களைப் பெரியவர்கள் தங்கள் மனச்சாந்திக்காக வாங்குகிறார்கள். நூறு புத்தகங்களும் வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்கும் வயதில் பத்துப் பன்னிரண்டு நல்ல புத்தகங்கள் ஓர் ஆண்டுக்குத் தாங்கும். மற்றதை நூலகமும் ஸ்டோரிவீவரும் பார்த்துக்கொள்ளும்.

எந்த வீட்டுக்கு எது?

இருவரும் ஓஎம்ஆரில் வேலை செய்து இரவு எட்டு மணிக்கு மேல் திரும்பும் வீடு என்றால் என் வரிசை கொஞ்சம் மாறும். அங்கே பணத்தின் பெரும்பகுதி நல்ல பாலர் பள்ளிக்கோ பகல்நேரக் காப்பகத்துக்கோ போகட்டும். பகலில் யார் குழந்தையோடு பேசுகிறார்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. தூங்கப்போகும் முன் பத்து நிமிட வாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டாலும் சரி. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு வாசிக்கத் தெரிந்தால் பகலில் அவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். அதையும் அவர் வேலையாகவே கருதிக் கூடுதலாக ஊதியமும் கொடுங்கள்.

சௌகார்பேட்டை மார்வாரி வீட்டிலும், வீட்டுக்குள் தெலுங்கோ உருதோ புழங்கும் குடும்பங்களிலும் 'வீட்டு மொழியை நிறுத்திவிட்டுத் தமிழோ ஆங்கிலமோ பேசுங்கள்' என்று பள்ளிகள் அறிவுரை சொல்வதுண்டு. அதைக் கேட்க வேண்டாம். வீட்டு மொழியில் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்குக் கதை எப்படி நகரும், புத்தகம் எப்படிப் புரளும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அந்த அறிவு எந்த மொழிக்கும் கூடவே வரும். தமிழ்ப் புத்தகத்தைப் பள்ளியும் நூலகமும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

பெற்றோருக்கு எழுத்தே தெரியாத வீடுகளும் இந்நகரத்தில் இருக்கின்றன. அங்கே பால்வாடி முதல் தேர்வு. சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் அந்த வீட்டுக்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். படத்தைப் பார்த்துக் கதையை அம்மாவே உண்டாக்கிச் சொல்லலாம். மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா இருந்தால் தம்பிக்கு வாசித்துக் காட்டும் வேலையை அவளிடம் விட்டுவிடுங்கள். இருவருக்கும் படிப்பு ஏறும்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை இருக்கும் வீடு. 'அவங்க அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்ற உறவினர் ஆறுதலையும், பேசவைப்பதாகச் சொல்லும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம், வீட்டுக்கு அருகில் உள்ள குழந்தை மருத்துவரிடமும் கேட்கலாம். எல்கேஜி விண்ணப்பம் அதற்கப்புறம்.